நூறில் எத்தனை சுற்று? ஸ்போர்ட்டி காரின் கியரும் நெடுஞ்சாலை மைலேஜும்

என் அக்கா மகனுக்குக் காட்பாடியில் வீடு, பெங்களூரில் வேலை. மாதம் இரண்டு முறை வந்து போவான். அதற்காகவே போன வருஷம் பழைய ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக் ஒன்று வாங்கினான். சிவப்பு வண்டி, அகலமான டயர், மிதித்தால் சீறிக்கொண்டு கிளம்பும். இரண்டு மாதம் சந்தோஷமாக ஓட்டினான். மூன்றாவது மாதம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"மாமா, என் வண்டி 1.2 லிட்டர். என் ரூம்மேட் வண்டியும் 1.2 லிட்டர். அவனுக்கு ஹைவேல 19 குடுக்குது. எனக்கு 15-ஐத் தாண்ட மாட்டேங்குது."

ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறான். இன்ஜெக்டர் கிளீனிங் செய்து, பிளக் மாற்றி, ஏர் ஃபில்டர் மாற்றிக் கொடுத்தார்கள். பணம்தான் போனது. மைலேஜ் அதே 15-ல் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலை ஏறினோம். பொய்கை தாண்டியதும் ரோடு காலியாகக் கிடைத்தது. வேகம் 100, கியர் ஐந்து. அதுதான் அந்த வண்டியின் டாப் கியர். ஸ்பீடோமீட்டரை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில், இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டரைப் பார்க்கச் சொன்னேன். முள் 3,000-ஐத் தாண்டி, 3,100 பக்கத்தில் நின்றது.

"உன் இன்ஜின்ல கோளாறு இல்லடா. கம்பெனி இதை இப்படித்தான் பல் வெச்சுப் பண்ணியிருக்கான்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பைக் செயினிலிருந்து ஆரம்பிக்கலாம்

கியர் விகிதம் என்றதும் பலருக்கும் அது இன்ஜினியரிங் படித்தவர்கள் சமாச்சாரம் என்று தோன்றிவிடுகிறது. பைக்கில் செயின் ஸ்ப்ராக்கெட் மாற்றியவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல், பின் ஸ்ப்ராக்கெட்டில் 42 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரம் மூன்று சுற்று சுற்ற வேண்டும். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. இந்த 3-தான் விகிதம்.

முன்னால் 14-க்குப் பதில் 15 பல் போட்டால் விகிதம் 2.8 ஆகும். அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றும். ஆனால் ஏற்றத்தில் இழுவை குறையும். 13 பல் போட்டால் விகிதம் 3.2-ஐத் தாண்டும். பிக்கப் கூடும், வண்டி நிமிர்ந்து கிளம்பும். ஆனால் 80-ல் போகும்போதே இன்ஜின் கத்தும். இதில் எதை எடுத்தாலும் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும்.

காரிலும் இதே கதைதான், ஆனால் இரண்டு கட்டமாக நடக்கும். கியர் பாக்ஸுக்குள் ஒவ்வொரு கியருக்கும் ஒரு விகிதம் இருக்கிறது. அதைத் தாண்டி, சக்கரத்துக்குப் போகும் முன் கடைசியாக இன்னொரு ஜோடிப் பல்சக்கரம் வருகிறது. அதற்கு ஃபைனல் டிரைவ் என்று பெயர். லாரி, ஜீப் வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் கிரவுன், பினியன் என்று சொல்வது அந்த ஜோடியைத்தான். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதே மொத்த விகிதம். விளம்பரத் தாளில் ஐந்தாம் கியரின் எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வருகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஃபைனல் டிரைவ் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நூறு கிலோமீட்டரில் ஒரு கணக்கு

டீ ஆறுவதற்குள் அவன் போனிலேயே இந்தக் கணக்கைப் போட்டோம். நீங்களும் உங்கள் வண்டிக்குப் போட்டுப் பார்க்கலாம், பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

டயரில் 185/65 ஆர்15 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 120 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் ரிம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். ரிம்முக்கு மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒரு பக்கச்சுவர். ஆக, சக்கரத்தின் விட்டம் 621 மில்லிமீட்டர். 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். டயர் ஒரு தடவை உருண்டால் வண்டி இவ்வளவு தூரம் நகரும்.

100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிமிஷத்துக்கு 1,667 மீட்டர் போகிறது. அதை 1.95-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிஷத்துக்கு 855 சுற்று சுற்றுகிறது. இது வரைக்கும் எந்தக் கம்பெனி வண்டிக்கும் ஒரே கணக்கு. வித்தியாசம் இதற்கு மேல்தான் ஆரம்பிக்கிறது.

ஒரு சாதாரண குடும்ப வண்டியில் ஐந்தாம் கியர் 0.76, ஃபைனல் டிரைவ் 4.1 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 3.12. இன்ஜின் 2,660 சுற்று சுற்றும். அதே வண்டிக்கு 0.62 என்று ஆறாம் கியர் ஒன்று இருந்தால் மொத்த விகிதம் 2.54, இன்ஜின் 2,170-ல் அமைதியாக ஓடும். ஸ்போர்ட்டி வண்டியாகக் காட்ட வேண்டும் என்று ஐந்தாம் கியரை 0.85 என்றும் ஃபைனல் டிரைவை 4.3 என்றும் வைத்தால்? 3.65. இன்ஜின் 3,100-க்கு மேல் சுற்றும். என் அக்கா மகன் வண்டியின் முள் காட்டியதும் அதுதான்.

மூன்று வண்டியும் ஒரே ரோட்டில், ஒரே 100-ல் போகின்றன. வெளியே நின்று பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர் பெட்ரோலை எரிக்கும். வேலூரிலிருந்து பெங்களூர் 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அந்தத் தூரம் முழுக்க டாப் கியரில் போனால், 2,170-ல் ஓடும் வண்டியைவிட 3,100-ல் ஓடும் வண்டி இரண்டு லட்சம் தடவைக்கும் மேல் கூடுதலாக எரித்து முடித்திருக்கும்.

அதிகம் சுற்றினால் பெட்ரோல் ஏன் வீணாகிறது?

இந்த இடத்தில் அக்கா மகன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "மாமா, காத்தை எதிர்த்துப் போறதுக்கு ரெண்டு வண்டிக்கும் ஒரே வேலைதானே? அப்ப அதிகம் சுத்துற வண்டி ஒவ்வொரு தடவையும் கம்மியாத்தானே எரிக்கும்? கணக்கு சரியாப் போயிடாதா?"

பாதி சரி. 100-ல் சமதளத்தில் சின்னக் கார் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போக 20 குதிரைத்திறன்கூடத் தேவையில்லை. 80, 90 குதிரைத்திறன் தரும் இன்ஜினுக்கு இது கால் பங்கு வேலைகூட இல்லை. ஒவ்வொரு எரிப்பிலும் போகும் பெட்ரோல் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் இன்ஜின் தன் சொந்தச் செலவுக்கு என்று கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. பிஸ்டன் ரிங் சிலிண்டரில் உரசுவது, பேரிங், வால்வை அழுத்தித் திறப்பது, ஆயில் பம்ப், தண்ணீர் பம்ப் எல்லாம் அந்தச் செலவில் சேரும். சுற்று கூடினால் இந்தச் செலவும் கூடும். அதில் ஒரு துளிகூட சக்கரத்துக்குப் போவதில்லை.

இதைவிடப் பெரிய திருட்டு ஒன்று பெட்ரோல் இன்ஜினுக்குள் நடக்கிறது. இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் வலிக்கும். ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கும்போது இன்ஜினுக்கும் அதே நிலைமைதான். காற்று வரும் வழியில் இருக்கும் த்ராட்டில் தகடு பாதிக்கு மேல் மூடியிருக்கும். அந்தச் சின்ன இடுக்கு வழியாகக் காற்றை இழுக்க ஒவ்வொரு பிஸ்டனும் மூச்சு முட்ட உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் அந்த வேலைக்கும் பெட்ரோல்தான் செலவு.

கியர் உயரமாக இருந்தால், அதாவது விகித எண் சின்னதாக இருந்தால், இன்ஜின் குறைவாகச் சுற்றும். அதே வேலையைக் குறைந்த சுற்றில் முடிக்க ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் அதிகமாக இழுக்க வேண்டும். அதற்கு த்ராட்டில் இன்னும் திறக்க வேண்டும். திறந்தால் ஸ்ட்ரா மேல் இருந்த விரல் விலகும், மூச்சு எளிதாகும். ஆக்சிலேட்டரை அதிகம் மிதித்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்று நாம் நினைக்கிறோம். சீரான வேகத்தில் உயர்ந்த கியரில் கொஞ்சம் அதிகம் மிதித்து ஓட்டுவதுதான் பல நேரங்களில் குறைவாகக் குடிக்கும். என் அக்கா மகன் நம்ப மறுத்தது இந்த ஒன்றைத்தான்.

டீசல் இன்ஜினில் இந்த மூச்சுத் திணறல் மிகக் குறைவு. டீசலின் அளவைக் கூட்டிக் குறைத்தே வேகத்தைக் கட்டுப்படுத்துவதால், காற்றுக்கு வழியை அடைக்க வேண்டிய அவசியம் பெரிதாக இல்லை. நெடுஞ்சாலையில் டீசல் வண்டி மைலேஜ் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சுற்று 18 சதவீதம் குறைந்தால் பெட்ரோலும் 18 சதவீதம் குறையாது. காற்றை எதிர்க்கும் வேலை அப்படியேதான் இருக்கிறது, இன்ஜினின் சொந்தச் செலவு மட்டும்தான் குறைகிறது. லாபம் உண்மையானது, ஆனால் அளவானது.

பெரிய இன்ஜின், சின்னத் தாகம்

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இரண்டு வெளிநாட்டு வண்டிகள். நம் ஊர் ரோட்டில் பார்ப்பது அபூர்வம், ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் பளிச்சென்று விளங்கிவிடும்.

ஒன்று 1997-ல் வந்த செவ்ரொலே கார்வெட் சி5. 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர், 345 குதிரைத்திறன். இன்னொன்று 1999-ல் வந்த ஹோண்டா எஸ்2000. 2 லிட்டர், நாலு சிலிண்டர், 9,000 ஆர்பிஎம் வரை கத்தவிடலாம். இதில் எது நெடுஞ்சாலையில் அதிகம் குடிக்கும் என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் கார்வெட்டைக் கை காட்டுவார்கள்.

கையால் கியர் போடும் கார்வெட்டில் ஆறாம் கியர் 0.50, ஃபைனல் டிரைவ் 3.42. மொத்தம் 1.71. பின் டயர் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் சுமார் 1,340 சுற்றுதான். ஏறக்குறைய தூங்கிக்கொண்டே போகிறது. எஸ்2000-ல் ஆறாம் கியர் 0.81, நடுவில் 1.16 என்று கூடுதலாக ஒரு ஜோடிப் பல், ஃபைனல் டிரைவ் 4.1. மூன்றையும் பெருக்கினால் 3.85. அதே 100-ல் சுமார் 3,240 சுற்று. அமெரிக்க அரசின் நெடுஞ்சாலை மைலேஜ் மதிப்பீட்டில் கார்வெட்தான் எஸ்2000-ஐவிட ஒரு படி மேலே நின்றது. நகருக்குள் எஸ்2000 முந்தியது. இன்ஜின் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, எடையும் கூடுதல், ஆனாலும் திறந்த ரோட்டில் கார்வெட் குடித்தது குறைவு.

ஹோண்டா இன்ஜினியர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அந்தச் சின்ன இன்ஜினின் முழு இழுவையும் 7,500 ஆர்பிஎம்-மில்தான் கிடைத்தது. கியரை உயர்த்தி வைத்திருந்தால் நெடுஞ்சாலையில் உயிரே இல்லாத வண்டியாகியிருக்கும். ஓட்டுகிறவனுக்குச் சந்தோஷம் முக்கியம் என்று முடிவெடுத்துத்தான் பற்களை அப்படி வெட்டினார்கள். கார்வெட்டின் பெரிய இன்ஜினுக்குக் கீழ்ச் சுற்றிலேயே இழுவை கொட்டிக் கிடந்ததால், 0.50 என்று ஒரு கியரை வைக்கத் துணிந்தார்கள். இன்னொரு தந்திரமும் அதில் உண்டு. முதல் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது இரண்டாவதுக்குப் போக விடாது, கம்பியை நேராக நாலாவதுக்குத் தள்ளிவிடும். மைலேஜ் சோதனைக்காகச் செய்த ஏற்பாடு அது. வாங்கியவர்களில் பலர் எரிச்சலாகி முதல் வேலையாக அதைக் கழற்றிப் போட்டார்கள்.

அப்படியென்றால் உயரமான கியரே போதுமா?

போதாது. ஏலகிரி ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 14 கொண்டை ஊசி வளைவு. உயரமான கியரில் ஏற்றத்தைப் பிடித்தால் வண்டி திணறும், உதறும், இன்ஜின் கட்கட்டென்று நாக் அடிக்கும். சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் இது இன்னும் ஆபத்து. 1,300, 1,400 சுற்றில் முழுதாக மிதித்தால் சிலிண்டருக்குள் நேரம் தவறி வெடிப்பு நடந்து பிஸ்டனையே உடைக்கலாம். உயர்ந்த கியர் சீராக ஓடும் ரோட்டுக்குத்தான். ஏற்றம் வந்தால், முந்த வேண்டுமென்றால், வெட்கப்படாமல் கியரை இறக்க வேண்டும்.

நம் பக்கத்து ஓட்டுநர்கள் பலரிடம் இருக்கும் பழக்கம் இதற்கு நேர் எதிர். டாப் கியர் போட்டால் இறக்கவே கூடாது என்று பிடிவாதமாக ஓட்டுவார்கள். மாதனூர் பக்கம் ஒரு லாரியை முந்த ஐந்தாவது கியரிலேயே மிதித்துக்கொண்டு, "பிக்கப் இல்லையே" என்பார்கள். டாப் கியரிலேயே பிக்கப் வேண்டும் என்று நாம் கேட்பதால்தான் கம்பெனிகளும் டாப் கியரைக் குட்டையாக, அதாவது விகித எண்ணைப் பெரிதாக வைத்து விற்கின்றன. டெஸ்ட் டிரைவில் ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு "அட, நல்லா இழுக்குதே" என்று நாம் கையெழுத்துப் போடுகிறோம். பெங்களூர் ரோட்டில்தான் அதற்கு வட்டி கட்டுகிறோம்.

ஸ்போர்ட்டி வண்டிக்கு முதல் நாலைந்து கியரின் விகிதமும் நெருக்கமாக இருக்கட்டும். வளைவில், முந்துவதில் அந்த நெருக்கம்தான் சுகம். கடைசிக் கியர் ஒன்றை மட்டும் நன்றாக உயர்த்தி, நெடுஞ்சாலைக்கு என்றே விட்டுவிட வேண்டும். ஆறு கியர் உள்ள வண்டியில் ஆறாவதும் குட்டையாக இருந்தால் அது இடத்தை அடைக்கும் வேலைதான். ஏழு கியர் உள்ள தானியங்கி வண்டிகளில் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை இல்லை. பல் ஜோடி அதிகம் என்பதால் கீழே நெருக்கத்தையும் மேலே உயரத்தையும் சேர்த்தே கொடுக்க முடிகிறது.

கியர் மேல் பழி போடும் முன்

பெங்களூர் போகும்போது மைலேஜ் குறைகிறது, திரும்பும்போது கூடுகிறது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்குக் காரணம் கியர் இல்லை. வேலூர் கடல் மட்டத்திலிருந்து 220 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூர் 900 மீட்டருக்கு மேலே. வாணியம்பாடி, நாட்றம்பள்ளி தாண்டி ரோடு நமக்குத் தெரியாமலே ஏறிக்கொண்டே போகிறது. ஆளோடு சேர்த்து 1,100, 1,200 கிலோ எடையை 700 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக மட்டுமே முக்கால் லிட்டர் பெட்ரோல் பக்கம் ஆகும். திரும்பும்போது அதில் ஒரு பகுதி கைக்கு வரும். எனவே மைலேஜ் பார்ப்பதானால் போய்வரும் இரண்டு பயணத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். என் அக்கா மகன் போகும்போது மட்டும் டேங்கை நிரப்பிக் கணக்குப் பார்த்திருக்கிறான். ரூம்மேட் சொன்ன 19, ஊருக்குத் திரும்பும்போது பார்த்தது. இரண்டு பேரையும் போய்வந்து பார்க்கச் சொன்னேன். வித்தியாசம் நாலிலிருந்து இரண்டரைக்கு வந்தது. அந்த இரண்டரையில்தான் கியரும், அகல டயரும் இருக்கின்றன.

"பெரிய டயர் போட்டா ஆர்பிஎம் குறையும்ல மாமா?" என்றும் கேட்டான். குறையும். 185/65-க்குப் பதில் 195/65 போட்டால் சுற்றளவு 2 சதவீதம் கூடும், இன்ஜின் சுற்றும் 2 சதவீதம் குறையும். ஆனால் டயர் கனம், உராய்வு எல்லாம் கூடும். ஓடோமீட்டர் பழைய டயரை நினைத்துக்கொண்டு 100 கிலோமீட்டரை 98 என்றுதான் எண்ணும். உண்மையில் மைலேஜ் கூடினாலும் கணக்கில் குறைந்த மாதிரியே தெரியும். ஃபைனல் டிரைவையே மாற்றலாமா என்றால், நம் ஊரில் பொருத்தமான பல் ஜோடி கிடைப்பதும் சிரமம், மிச்சமாகும் பெட்ரோலை வைத்து அந்தச் செலவை எடுக்க வருஷக்கணக்காகும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவன் கையில் இருக்கும் ஒரே வழி கால். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 100-லிருந்து 80-க்கு இறங்கினால் காற்றின் தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். டயர் உராய்வையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்குச் செய்ய வேண்டிய வேலை ஏறத்தாழ கால் பங்கு குறையும். அவன் வண்டியில் சுற்றும் 3,100-லிருந்து 2,500-க்கு வந்துவிடும். ஆறாம் கியர் இல்லாத குறையை இது நிறையவே சரிக்கட்டும். இப்போது 85-ல் போகிறான். ஆம்பூரில் பிரியாணிக்கு நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் வீட்டுக்கு அதே நேரத்தில் வந்து சேருகிறான்.

அடுத்து ஒரு ஸ்போர்ட்டி வண்டி வாங்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவை ஊருக்குள் முடித்துக்கொள்ளாதீர்கள். நெடுஞ்சாலைக்குக் கொண்டு போகக் கேளுங்கள். டாப் கியரில் 100-ல் பிடித்து, மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 2,200 பக்கம் நின்றால் பயணத்துக்கு நல்ல வண்டி. 3,000-ஐத் தாண்டினால், ஓட்டும் சந்தோஷத்துக்காகத்தான் அதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.